நாளுக்கு 10 சொல் போதும்: ஆங்கிலச் சொல்வளம், கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து, வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதப்போகும் மாணவர்: சார், 3000 சொல் பட்டியலை நாளுக்கு 40 வீதம் படிக்கிறேன். மூன்றாவது வாரத்தில் முதல் வாரத்துச் சொற்கள் ஒன்றும் நினைவில் இல்லை. ஞாபக சக்தி போதவில்லையா?

ஞாபக சக்திக்கு ஒன்றும் குறையில்லை தம்பி, கணக்குதான் தப்பு. திரும்பப் பார்க்காதது ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் மறந்துவிடும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைச் சோதித்து எழுதிவிட்டார். சொல்லுக்கு ஓர் அட்டை எழுதி, அதை 1, 3, 7, 16, 35ஆம் நாட்களில் மறுபடி பார்க்க வேண்டும். நாளுக்கு 10 புதுச் சொல் என்றால், 35 நாள் கடந்தபின் தினம் 50 பழைய அட்டைகள் வரும். அட்டைக்கு 15 விநாடி வைத்தால் கால் மணிக்குள் முடியும். 40 புதுச் சொல் என்றால் 200 அட்டை, 50 நிமிடம். தவறவிட்டவை அதற்கு மேல். இரண்டு நாள் விட்டால் மலைத்துப்போய் முழுவதையும் கைவிட நேரும். இந்த நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ள அன்கி செயலி இருக்கிறது.

அட்டையில் முன்னால் ஆங்கிலச் சொல், பின்னால் தமிழ்ப் பொருள் என்று எழுதாதீர்கள். முன்னால் கோடிட்ட இடம் உள்ள வாக்கியம், பின்னால் அந்தச் சொல். ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்விகள் 2011இல் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது வருவது வாக்கியத்தை நிரப்பும் கேள்விதான்.

தேவகோட்டையிலிருந்து, வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்: பொருள் தெரிகிறது, எழுதினால் தப்பாகிறது. ஏன்?

சொல்லோடு சேர்ந்து வரும் சொற்களைப் படிக்காததால்தான் தங்கச்சி. மிட்டிகேட், அலீவியேட் இரண்டுக்கும் தமிழில் ‘குறை, தணி’ என்றே எழுதிவைத்திருப்பீர்கள். மிட்டிகேட் சேர்வது ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ் போன்றவற்றோடு. அலீவியேட் பெயின், பாவர்ட்டி, சஃபரிங் பக்கம் போகும். மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். மாற்றிப் போட்டால் காதுக்கே உறுத்தும். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதனுடன் வரும் பெயர்ச்சொல் மூன்று எழுதுங்கள். இதை எந்தச் சொல்லுக்கும் விடக்கூடாது, அவ்வளவு முக்கியம். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வந்த அகராதியைப் பாருங்கள். லாங்மன் அகராதி ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் தருகிறது, எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும்.

கானாடுகாத்தானிலிருந்து, பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் கைடு: அண்ணே, வெளிநாட்டுக்காரர்களிடம் ‘வெரி பியூட்டிஃபுல், வெரி ஓல்டு’ என்றே சொல்லிச் சலித்துவிட்டது. நல்ல வர்ணனைச் சொல் கொடுங்கள்.

வர்ணனைச் சொல்லுக்கு முன் பொருளின் பெயரும் செய்முறையும் சரியாக வரட்டும் தம்பி. நடுவிலுள்ள வளவு, கோர்ட்யார்ட். சுவர் லைம் ப்ளாஸ்டர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த மெருகுக்கு பர்னிஷ்ட். தூணும் நிலையும் பர்மீஸ் டீக், அதிலுள்ள செதுக்கு வேலைக்கு கார்வ்டு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை செராமிக் என்றோ ஃபயர்டு என்றோ சொல்லிவிடாதீர்கள். அது சூளை காணாதது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமென்ட்டை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. ஹேண்ட்மேட் சிமென்ட் டைல், காஸ்ட் ஆன் கிளாஸ், க்யூர்டு இன் வாட்டர் என்றாலே கேட்பவர் குனிந்து தரையைப் பார்ப்பார்.

பிறகு அடைமொழி, வாக்கியத்துக்கு ஒன்று மட்டும். வேலைப்பாடு நிறைந்த வாசல்நிலைக்கு ஆர்னேட். பராமரிப்பில்லாமல் சிதிலமாகி இன்னும் நிற்கும் வீடு டிலாப்பிடேட்டட். கூரை விழுந்து சுவர் மட்டும் மிஞ்சியது ருயின்ட். நம் ஊர்த் தெருக்களில் இரண்டு வகையும் உண்டு, கலந்துவிடக் கூடாது. ஒரு வீட்டுக்கு எட்டு வாக்கியம் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து, கல்லூரி மாணவி: பாடப் புத்தகமே புரியவில்லை. எங்கே தொடங்குவது?

மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் உங்களுக்கு ஏற்றது. 570 சொற்குடும்பங்கள்தான், அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள். கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 சதவீதம் இவையே. அதிகம் புழங்குவது முதலில் வரும்படி பட்டியலைப் பிரித்திருக்கிறார்கள், முதல் பகுதியில் 60. அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல் மூன்றையும் ஒரே அட்டையில் எழுதலாம்.

புதுவயலிலிருந்து, பள்ளி ஆசிரியர்: நாளிதழில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்க்கலாமா?

வேண்டாம். 100 சொல்லில் இரண்டுக்கு மேல் தெரியாவிட்டால் உதவியின்றிப் படிப்பது கடினம். ஐந்தைத் தாண்டினால் எளிய பகுதிக்கு மாறுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் குறியுங்கள்.

காரைக்குடியிலிருந்து, ஒரு ஆச்சி: பேரன் பத்தாவது படிக்கிறான். வேர்ச்சொல் படித்தால் எல்லாச் சொல்லையும் ஊகித்துவிடலாம் என்கிறான். சரிதானா?

பாதி சரி ஆச்சி. ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது என்று தெரிந்தால் இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் எல்லாம் சேர்ந்து நினைவில் நிற்கும். ஆனால் முன்னால் ‘இன்’ வந்தாலே ‘இல்லை’ என்று ஊகித்தால் மாட்டிக்கொள்வான். இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றுவது. லாரியில் அப்படி எழுதியிருந்தால் தள்ளி நிற்க வேண்டும். ஊகித்தபின் அகராதியில் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். உச்சரிப்பையும் அங்கேயே கேட்கட்டும். மிகைப்படுத்திச் சொல்வதைக் குறிக்கும் ஹைப்பர்பொலி என்பதை எழுத்தைப் பார்த்து ஹைப்பர்போல் என்று படிக்கிறவர்கள் நிறைய.