மைனஸ் 474 சென்டிமீட்டரில் சுவர்: அல்ட்ராசோனிக் சென்சார் கேள்வி பதில்

அர்டுவினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டோடு, காதுக்குக் கேட்காத ஒலியை (அல்ட்ராசோனிக்) அனுப்பி எதிரொலியைக் கேட்கும் ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாரை இணைத்துத் தூரம் அளப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், எல்லா புரோகிராமிலும் சென்சார் தரும் எண்ணை 58 ஆல் வகுக்கிறார்கள். அந்த 58 எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு விஷயம். அந்த சென்சார் தூரத்தைச் சொல்வதே இல்லை, நேரத்தை மட்டும்தான் சொல்கிறது. ‘அளந்து பார்’ என்று சொல்லும் ட்ரிக் பின்னுக்கு (பின் என்றால் இணைப்புக் கால்) 10 மைக்ரோ செகண்ட் ஹை, அதாவது வோல்ட்டேஜ், கொடுத்தால், 40 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் துடிப்புகளை அனுப்பும். அனுப்பியதும் எக்கோ பின் ஹை ஆகும், எதிரொலி திரும்பியதும் லோ ஆகும். கிணற்றுக்குள் ‘ஓ’ என்று கத்திவிட்டுக் குரல் எப்போது திரும்புகிறது என்று காத்திருப்போமே, அதே வேலைதான். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படியென்றால் ஒரு செ.மீ. கடக்க 29 மைக்ரோ செகண்ட். போக 29, வர 29. ஆக மொத்தம் 58.

அண்ணா, எதிரே யாரும் இல்லாதபோது கம்ப்யூட்டரில் அளவைக் காட்டும் சீரியல் மானிட்டரில் -474 என்று வருகிறது. சென்சார் போய்விட்டதா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. நீங்கள் அனுப்பிய புரோகிராமில் நேரத்தை ‘இன்ட்’ மாறியில் வாங்கியிருக்கிறீர்கள். அர்டுவினோ ஊனோ போர்டில் இன்ட் என்பது 16 பிட், அதிகபட்சம் 32,767 வரைதான் பிடிக்கும். எதிரொலி வராவிட்டால் இந்த சென்சார் எக்கோ பின்னைச் சுமார் 38,000 மைக்ரோ செகண்ட் ஹையிலேயே வைத்திருக்கும். 38,000 அந்தப் பாத்திரத்தில் கொள்ளாமல் சுற்றிக்கொண்டு -27,536 ஆகிறது. அதை 58 ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் -474 கிடைக்கும்.

மாறியை, பெரிய எண்களும் கொள்ளும் ‘அன்சைன்டு லாங்’ என்று மாற்றுங்கள். அப்புறம் எக்கோ பின் ஹையில் இருக்கும் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளைக்கு மூன்றாவது மதிப்பாக 30000 கொடுங்கள், அத்தனை மைக்ரோ செகண்ட்தான் அது காத்திருக்கும். அது கொடுக்காவிட்டால், வயர் கழன்றிருக்கும்போது ஒவ்வொரு அளவுக்கும் முழுசாக ஒரு விநாடி காத்துக்கொண்டு நிற்கும். கொடுத்தால், நேரம் தாண்டியதும் 0 வரும். அந்த 0-வைச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். இதைக் கவனிக்காமல் விட்டதால், திறந்த மைதானத்தில் நடுங்கி நடுங்கி நின்ற ரோபோ கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க வைத்திருக்கிறேன். மோட்டார் போடாமலே மதியம் மூன்று செ.மீ. தண்ணீர் ஏறியதாகக் காட்டுகிறது. எப்படி?

வெயில்தான் காரணம். காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும். அதன் வேகம் ஏறத்தாழ 331.3 உடன், வெப்பநிலையை 0.6 ஆல் பெருக்கிக் கூட்டினால் வருவது. காலையில் 25 டிகிரி என்றால் விநாடிக்கு 346 மீட்டர். மதியம் மூடிய தொட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 358. தண்ணீர் உண்மையில் 100 செ.மீ. கீழே இருக்கிறது, 58 ஆல் வகுக்கும் புரோகிராம் காலையில் 99.5 என்கிறது, மதியம் 96 என்கிறது. எதிரொலி சீக்கிரம் வந்ததால் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டதாக அது நினைக்கிறது. தொட்டிக்குள் ஒரு டி.எஸ்.18பி20 வெப்ப சென்சாரைத் தொங்கவிட்டு, அது சொல்லும் டிகிரியை வைத்து வேகத்தைக் கணக்கிட்டால் சரியாகிவிடும்.

ஆனால் எனக்கு வேறொரு கவலை. நீங்கள் வைத்திருப்பது, ஒலி அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என இரண்டு கண் உள்ள சாதாரண சென்சார். நானும் அதைத்தான் முதலில் மூடியில் ஓட்டை போட்டு மாட்டினேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கழற்றிப் பார்த்தால் கண்களின் வலையில் நீர்த்துளி, பின்களில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. தண்ணீர் புகாத ஒற்றைக் கண் சென்சார், ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி என்று கிடைக்கும், அதை வாங்குங்கள். ஒரே கண்தான் கத்தவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். கத்தி முடித்த அதிர்வு அடங்கும்வரை அதற்குக் காது கேட்காது. அதனால் சுமார் 25 செ.மீ.க்குள் இருப்பது தெரியாது. தொட்டி நிரம்பினாலும் அந்த இடைவெளி இருக்கும்படி உயர்த்தி மாட்டுங்கள். தண்ணீர் கொட்டும் குழாய்க்கும் பக்கச் சுவருக்கும் தள்ளியே இருக்கட்டும்.

அர்டுவினோவுக்குப் பதில் வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 போர்டில் சென்சாரை நேரடியாக இணைக்கலாமா? நண்பர் அப்படித்தான் போட்டிருக்கிறார், ஓடுகிறது.

ஓடும், ஒருநாள் நிற்கும். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் எக்கோவிலும் 5 வோல்ட்தான் வரும். இ.எஸ்.பி.32 பின் 3.3 வோல்ட்டுக்கு ஆனது. எக்கோவிலிருந்து பின்னுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால், பின்னுக்குச் சுமார் 3.3 வோல்ட்தான் போகும். இரண்டு ரெசிஸ்டர் விலைக்கு போர்டைப் பணயம் வைக்க வேண்டாம். ட்ரிக் பின்னுக்கு 3.3 வோல்ட்டே போதும்.

ரோபோ காரில் மேசை மேல் சரியாக அளக்கிறது. மோட்டார் ஓடினால் 12, 180, 13, 3 என்று கன்னாபின்னாவென்று வருகிறது.

மோட்டார் மின்சாரம் இழுக்கும்போது சப்ளை வோல்ட்டேஜ் குதிக்கிறது. மோட்டாருக்குத் தனி பேட்டரி வையுங்கள், கிரவுண்டை மட்டும் ஒன்றாகச் சேருங்கள். சென்சாரின் விசிசிக்கும் (5 வோல்ட் வரும் பின்) கிரவுண்டுக்கும் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தவறாக வந்தால் சராசரி எடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்குக்குச் சராசரி 52, அங்கே 52-ல் எதுவுமே இல்லை. ஐந்து தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள். அந்த 180 தானாக ஓரத்துக்குப் போய்விடும்.

இடது, வலது என்று இரண்டு சென்சார் வைக்கலாமா?

வைக்கலாம். ஒரே சமயத்தில் கத்தவிடாதீர்கள். ஒன்றின் குரலை இன்னொன்று தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். முறை வைத்து, நடுவே 60 மில்லி செகண்ட் விடுங்கள்.

வீட்டில் நாய் இருக்கிறது. அதற்குத் தொந்தரவாக இருக்குமா?

மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 40 கேட்கும். சென்சாரை அது படுக்கும் இடத்தைப் பார்த்து வைக்காதீர்கள். காதை மடக்கிக்கொண்டு எழுந்து போனால் அதுதான் பதில்.

பார்வையற்றோருக்கான ஊன்றுகோல்தான் எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட். சுவரைக் கண்டுபிடிக்கிறது, பள்ளத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பஸ்ஸரில் சத்தம் கொடுக்கிறோம்.

பள்ளத்தைப் பார்க்கக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்த சென்சாரின் ஒலி, வழுவழுப்பான தரையில் பட்டால் முன்னோக்கித் தெறித்துப் போய்விடும், உங்களிடம் திரும்பாது. கரடுமுரடான தார் ரோட்டில் கொஞ்சம் திரும்பும். அதனால் கல்லூரி வராந்தாவில் ஒரு மாதிரியும் தெருவில் வேறு மாதிரியும் அளவு வரும். பள்ளத்துக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. கோலின் நுனி தரையைத் தட்டிச் சொல்வதை இந்த சென்சாரால் சொல்ல முடியாது. இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை, அதாவது லாரியின் பின்பலகை, தாழ்ந்த கிளை போன்றவற்றைக் கோல் தொடாது. அங்கேதான் உங்கள் சென்சாருக்கு வேலை. மேல்நோக்கித் திருப்பி மாட்டுங்கள்.

பஸ்ஸரை எடுத்துவிடுங்கள். அவர்கள் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரோட்டைக் கடக்கிறார்கள், அந்தக் காதில் நீங்கள் கீ கீ என்று ஊதிக்கொண்டிருக்கிறீர்கள். பழைய செல்போனில் இருக்கும் வைப்ரேஷன் மோட்டார் ஒன்றைக் கைப்பிடியில் வையுங்கள். அதை நேராகப் பின்னில் இணைக்காமல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள்.