தோலுக்கு அடியில்

அன்புள்ள சார்,

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். டிசெக்‌ஷன் ஹாலுக்குப் போகத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் லியோனார்டோ டாவின்சி பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். திருச்சபைக்குப் பயந்து, ராத்திரியில் கல்லறையிலிருந்து பிணங்களைத் திருடி அறுத்தார் என்றார்கள். உண்மையா? இன்னொரு சந்தேகம். ஓவியத்தில் தெரியப்போவது தோல்தானே, அதற்கு எதற்கு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

கல்லறைத் திருட்டு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பேய்க்கதை மாதிரி. ஆனால் லியோனார்டோ பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே, 1316-ல், பொலோனாவில் மொந்தினோ என்ற பேராசிரியர் பிணத்தை எந்த வரிசையில் அறுப்பது என்று கையேடே எழுதிவிட்டார். மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களைப் பல்கலைக்கழகங்களில் அறுத்துக் காட்டினார்கள். அதுவும் குளிர்காலத்தில். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிணம் கெடாமல் வைக்க உங்களுக்காவது ஃபார்மலின் இருக்கிறது. 1299-ல் போப் எட்டாம் போனிஃபாஸ் ஒரு தடை போட்டது நிஜம். ஆனால் அது அறுத்துப் படிப்பதற்கு எதிரானது இல்லை, வெளியூரில் செத்தவர்களை வேகவைத்து எலும்பை மட்டும் ஊருக்குக் கொண்டுபோகும் வழக்கத்துக்கு எதிரானது. இளம் சிற்பி மைக்கலாஞ்சலோவுக்குப் பிணங்களைக் கொடுத்ததே ஃபிளாரன்ஸில் சான்டோ ஸ்பிரிட்டோ மடத்துத் தலைவர்தான். நன்றிக்கு அந்த இளைஞர் மரத்தில் ஒரு சிலுவை செதுக்கிக் கொடுத்தார்.

லியோனார்டோ போனது ஆஸ்பத்திரிக்கு. ஃபிளாரன்ஸின் சான்டா மரியா நுவோவாவில், 1507-08 குளிர்காலத்தில், நூறு வயது தாண்டிவிட்டதாகச் சொன்ன ஒரு கிழவரோடு பேசிக்கொண்டிருந்தார். உடம்பில் அசதியைத் தவிர ஒன்றுமில்லை என்றாராம் கிழவர். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தபடி, அசையாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இவ்வளவு இனிமையான சாவுக்குக் காரணம் என்ன என்று பார்க்க லியோனார்டோ அவரை அறுத்தார். ரத்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கியிருந்ததைக் குறித்து வைத்தார். அப்புறம் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை அறுத்தபோது எல்லாம் நேர்மாறாக இருந்தது. சற்று முன் பேசிக்கொண்டிருந்தவரின் மேல் கத்தி வைக்க எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. திருட்டுக்கதையை விட இதுதான் என்னைத் தூங்கவிடாதது.

சரி, தோல் விஷயம். முதலில் எலும்பைப் போடு, அதன்மேல் தசை, அதன்மேல் சதை, பிறகு துணி என்று ஓவியர்களுக்கு இத்தாலியக் கலை அறிஞர் அல்பெர்ட்டி 1435-லேயே சொன்னார். சொல்பேச்சு கேட்டதில் வந்த வினையும் உண்டு. ஃபிளாரன்ஸ் ஓவியர் பொல்லாயுவோலோ தகட்டில் செதுக்கி அச்செடுத்த ஒரு படத்தில் பத்து அம்மண ஆண்கள் வெட்டிக்கொள்கிறார்கள். பிணங்களின் தோலை உரித்துப் படித்தவர் என்று பேர் வாங்கியவர் அவர். படித்தது வீணாகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு உடம்பிலும் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் புடைத்து நிற்கிறது. கை மடங்கும்போது முன்தசை இறுகினால் பின்தசை தளரும் என்பது உங்களுக்குப் பாடம். யாரைச் சொல்கிறோம் என்று பேர் சொல்லாமல், இப்படி வரைகிறவர்களை லியோனார்டோ திட்டியிருக்கிறார்: பார்த்தால் மனிதன் போல இல்லை, கொட்டை மூட்டை போல, முள்ளங்கிக் கட்டு போல இருக்கிறதாம்.

ஆக, உள்ளே போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து கொட்டுவதற்கு இல்லை. இந்த அசைவில் எது தெரியும், எது தெரியாது என்று அறிவதற்கு. ரோமில் சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலையைப் படத்திலாவது பாருங்கள். வலது கைச் சுண்டுவிரல் லேசாகத் தூக்கியிருக்கும். முன்கையில் ஒரு சின்னத் தசை மட்டும் அதற்காக எழுந்து நிற்கும். அந்தத் தசையின் பேர் எக்ஸ்டென்சர் டிஜிட்டி மினிமி. உங்கள் சுண்டுவிரலை மட்டும் தூக்கிக்கொண்டு, முழங்கைக்குக் கீழே தடவிப் பாருங்கள். அகப்படும்.