அன்னாவின் மனைவி பெயர் என்ன?

கேள்வி: சென்ற இதழில் இங்கிலாந்தின் பழைய அரசுகளில் ஒன்றான கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் அன்னாவைப் பற்றி எழுதியபோது, அவர் மனைவியின் பெயர் தெரியவில்லை என்று விட்டுவிட்டீர்கள். இணையத்தில் எந்த வம்சாவளியைத் திறந்தாலும் ஹெரெஸ்வித் என்று இருக்கிறதே, அதைக்கூடப் பார்க்கவில்லையா? அது போகட்டும், அண்டை அரசான மெர்சியாவின் அரசர் பெண்டாவிடம் தோற்று மாண்ட ஒரு குட்டி அரசருக்கு இரண்டு பக்கம் எதற்கு?

பதில்: பார்த்தோம். நாலைந்து வம்சாவளிகளில் பார்த்தோம். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருந்தால், நூறு இடத்தில் இருந்தாலும் அது ஒரே சாட்சிதான்.

அந்தச் சாட்சி, ஈலி மடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நூல். அன்னா இறந்தது 653 அல்லது 654-ல். இடையில் 500 ஆண்டு ஓடிவிட்டது. பீட் என்ற துறவி ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை 731-ல் எழுதி முடித்தார். அவருக்கும் அன்னாவுக்கும் இடையே 80 ஆண்டுக்குள்தான். ஹெரெஸ்வித்தைப் பற்றி அவர் சொல்வது இதுதான்: விட்பி மடத்தை நடத்திய ஹில்டின் சகோதரி, கிழக்கு ஆங்கிலியா அரசர் ஆல்ட்வுல்ஃபின் தாய், 647 வாக்கில் ஹில்ட் துறவறம் பூண நினைத்தபோது பிராங்குகளின் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) ஷெல் மடத்தில் இருந்தவர். அன்னாவின் மனைவி என்ற பேச்சே அங்கில்லை.

சரி, ஆல்ட்வுல்ஃபின் தகப்பனார் யார்? அந்த அரச குடும்பத்தின் பழைய வம்சப் பட்டியல் எத்தெல்ரிக் என்கிறது. அவரும் ஈனியின் மகன், அன்னாவும் ஈனியின் மகன். அப்படிப் பார்த்தால் ஹெரெஸ்வித் அன்னாவுக்கு அண்ணியாகவோ தம்பி மனைவியாகவோ இருந்திருக்கலாம், மனைவியாக அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். அன்னாவை நல்லவர், நல்ல பிள்ளைகளைப் பெற்றவர் என்று பீட் இரண்டு இடத்தில் புகழ்கிறார். ஆல்ட்வுல்ஃபையும் அவருக்குத் தெரியும். அரசர் ரெட்வால்டின் பழைய கோயிலைச் சிறுவயதில் கண்ணால் பார்த்ததாக ஆல்ட்வுல்ஃப் சொன்னதை எழுதி வைத்தவர் அவர்தான். அந்த ஆல்ட்வுல்ஃப் அன்னாவின் மகனாக இருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருப்பாரா?

இனி, அன்னாவின் உண்மையான மனைவி. பீட்டின் நூலில் அவர் வருவது ஒரே ஒரு சொற்றொடரில். பிராங்குகளின் நாட்டிலிருந்த பிரீ மடத்தின் தலைவியான சேத்ரித்தை அறிமுகப்படுத்தும்போது, ‘அன்னா அரசரின் மனைவியுடைய மகள்’ என்கிறார். அதைவிட்டால் வேறு குறிப்பு இல்லை. அன்னாவை மணந்தபோது அவருக்கு ஏற்கெனவே ஒரு மகள் இருந்தாள் என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. அந்த மகள் கடல் கடந்து அயல்நாட்டு மடத்துக்குப் போய், அங்கே தலைவியாகவும் ஆனார். அன்னாவின் சொந்த மகள் எத்தெல்பரும் அதே மடத்துக்குத் தலைவியானார். பெயர் இல்லாவிட்டாலும் இந்தப் பெண்மணிக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அந்த இடத்தில் ஹெரெஸ்வித்தின் பெயரை எழுதினால் இவர் அடியோடு மறைந்துபோகிறார். ஹெரெஸ்வித்தும் தன் சொந்தக் கதையை இழந்து, பெறாத பிள்ளைகளுக்குத் தாயாகிறார். இரண்டு பெண்களுக்கும் அநியாயம். அதனால்தான் அந்த இடத்தை வெறுமையாக விட்டோம், இனியும் அப்படியே விடுவோம்.

ஆனால் எங்கள் கட்டுரையிலும் ஒரு தவறு உண்டு, நீங்கள் அதைக் கேட்கவில்லை. வித்பரை அன்னாவின் மகள் என்று உறுதியாக எழுதிவிட்டோம். பீட் அவரைக் குறிப்பிடவே இல்லை. இறந்து 55 ஆண்டு கழித்து, 798-ல் வித்பரின் உடல் கெடாமல் கிடைத்தது என்கிறது ஒரு பிற்காலக் குறிப்பு. அதை நம்பினால் அவர் இறந்தது 743-ல், அதாவது அன்னா இறந்து ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து. ‘பிற்கால மரபுப்படி’ என்ற சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். திருத்திக்கொள்கிறோம்.

அப்புறம், இரண்டு பக்கம் எதற்கு என்ற கேள்வி. 645-ல் வெசெக்ஸ் அரசர் கென்வால், பெண்டாவின் சகோதரியை மணந்து பிறகு ஒதுக்கிவிட்டதற்காக, நாட்டை விட்டு விரட்டப்பட்டார். பெண்டாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்துகொண்டு அவருக்கு இடம் கொடுத்தவர் அன்னா. அந்தப் பகை ஒருநாள் தன் வாசலுக்கும் வரும் என்று அன்னாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவருக்கு முன் ஆண்ட சிகெபெர்ட்டும் எக்ரிக்கும் பெண்டாவின் படையிடம்தான் மாண்டார்கள். கென்வால் அங்கேயே மூன்று ஆண்டு தங்கி, கிறிஸ்தவராகி, மீண்டும் தன் நாட்டைப் பெற்றார். அன்னா பெண்டாவின் கையால் இறந்தார். இதைத் தோல்வி என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்னாவின் மகள் செயக்ஸ்பர் கெண்ட் அரசர் எயோர்கன்பெர்ட்டை மணந்தார். அவர்களின் மகள் எயோர்மன்ஹில்ட் யாரை மணந்தார் தெரியுமா? பெண்டாவின் மகன் வுல்ஃப்ஹெரை. தாத்தாவைக் கொன்றவரின் வீட்டுக்கே பேத்தி மருமகளாகப் போனார்!

இன்னொரு மகள் எத்தெல்த்ரித் இருமுறை மணமாகியும் கன்னியாகவே இருந்தவர் என்கிறார் பீட். 673-ல் ஈலியில் மடம் நிறுவினார், 679-ல் கழுத்துக் கட்டியால் இறந்தார். சின்ன வயதில் கழுத்து நிறைய நகை போட்டதற்கு இது தண்டனை என்று அவரே சொன்னாராம். அவருக்குப் பின் செயக்ஸ்பர் மடத் தலைவியானார். 16 ஆண்டு கழித்து தங்கையின் எலும்புகளை எடுத்துக் கோயிலுக்குள் வைக்க விரும்பி, கல் தேடி ஆட்களை அனுப்பினார். ஈலியைச் சுற்றிச் சதுப்பும் நீரும்தான், பெரிய கல் கிடையாது. அவர்கள் படகில் போய், இன்றைய கேம்பிரிட்ஜ் பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு சிற்றூரின் மதிலருகே மூடியோடு ஒரு வெள்ளைப் பளிங்குப் பெட்டியைக் கண்டு கொண்டுவந்தார்கள். எத்தெல்த்ரித்தின் கல்லறையைத் திறந்து பார்த்தபோது உடல் கெடாமல் இருந்தது என்றும், அந்தப் பெட்டி அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது என்றும் பீட் எழுதியிருக்கிறார்.