மசாடா: அந்தக் கடைசி இரவு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மசாடா கோட்டை பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ரோமானியருக்கு அடிமையாகக் கூடாது என்று 960 யூதர்கள் ஒரே இரவில் உயிரை மாய்த்துக்கொண்டார்களாம். நிஜமாகவே நடந்ததா, பிற்காலத்தில் கட்டிய கதையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முற்றுகை நடந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். சாக்கடலின் மேற்குக் கரைப் பாலைவனத்தில் தனித்து நிற்கும் அந்த மலையைச் சுற்றி ரோமானியர் போட்ட எட்டு முகாம்களின் தடங்களும், மேற்குப் பக்கம் அவர்கள் எழுப்பிய மண்மேடும் இன்றும் இருக்கின்றன. ஏரோது மன்னன் அரண்மனை, கிடங்குகள், பெரும் நீர்த்தொட்டிகள் எல்லாம் கட்டிவைத்த இடம். கி.பி. 66இல் ரோமானியருக்கு எதிராக யூதர்களின் கலகம் வெடித்ததும் சிகாரிகள் என்ற தீவிர யூதக் குழுவின் கைக்குப் போய், 73 அல்லது 74இல் ரோமத் தளபதி சில்வாவின் படையிடம் விழுந்தது.

சிக்கல் அந்த இரவில்தான். அதை எழுதிவைத்தவர் அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் ஒருவரே, அவரும் அங்கே இல்லை. நீர்க்கால்வாயில் ஒளிந்து தப்பிய இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தி எல்லாவற்றையும் சொன்னாள் என்கிறார். சரி, ஆனால் தலைவன் எலெயாசர் பேசியதாக அவர் தரும் அவ்வளவு நீண்ட உரையை (தீயில் இறங்கும் இந்திய ஞானிகள்கூட அதில் உதாரணமாக வருகிறார்கள்!) அவள் வரி பிசகாமல் ஒப்பித்திருப்பாளா என்ன?

இன்னொன்று. இந்த ஜோசபஸே 67இல் கலிலேயாவின் யோத்பாத் ஊரில் யூதத் தளபதியாக இருந்து தோற்று, 40 பேரோடு குகையில் பதுங்கியவர். சீட்டுப்போட்டு ஒருவரையொருவர் கொன்றுகொள்வது என்று அங்கும் முடிவாகி, கடைசியில் மிஞ்சிய இருவரில் ஒருவராக இவர் ரோமானியரிடம் சரணடைந்தார். மசாடாவிலும் அதே சீட்டு. எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. சிலர் தற்கொலை செய்திருக்கலாம், பலர் வெட்டுப்பட்டிருப்பார்கள், அந்த ஒழுங்கான நாடகம் அவர் கைவண்ணம் என்றே நினைக்கிறேன். 1963-65இல் இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகேல் யாதின் தோண்டியபோது கிடைத்த எலும்புகளும் 30 பேருடையதுகூட இல்லை.

அப்புறம், உங்கள் காணொளி என்கெதியைச் சொல்லியிருக்காது. பஸ்கா பண்டிகையன்று இதே மசாடாக்காரர்கள் பக்கத்து யூத ஊரான என்கெதியில் புகுந்து 700க்கு மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்று எழுதியிருப்பதும் ஜோசபஸ்தான். அவரை நம்பி வீரக்கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நேரம் இருந்தால் அவருடைய யூதப் போர் வரலாற்றில் மூன்றாம் புத்தகத்து யோத்பாத் பகுதியை முதலில் படித்துவிட்டு, உடனே ஏழாம் புத்தகத்துக்குப் போங்கள்.