நாய்க்குட்டிக்கும் கோழிக்கும் நடுவே ஒரு வலை

கேள்வி: அக்கா, செராங்கூன் கார்டன்சில் தரைவீடு. முட்டைக்காகப் பின்பக்கம் நாலு கோழி வைத்திருக்கிறோம். தத்தெடுத்த சிங்கப்பூர் ஸ்பெஷல் (உள்ளூர்க் கலப்பின நாய்) குட்டிக்கு இப்போது எட்டு மாதம், எந்நேரமும் கூண்டையே சுற்றி வருகிறது. போன வாரம் கதவைத் திறந்தபோது ஒரு கோழி வெளியே வந்துவிட, துரத்திப் போய் வால் இறகைப் பிடுங்கிவிட்டது. நாலு சாத்து சாத்தினால் அடங்கும் என்கிறார் மாமனார். பழகப் பழகச் சரியாகிவிடும், விடு என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். மாமனாரிடம் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அடித்தால் உங்கள் கண் முன்னால் அடங்கியிருக்கும், நீங்கள் துணி காயப்போடப் போன நேரத்தில் வேலையைக் காட்டும். சும்மா விட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் துரத்துவதே நாய்க்குப் பரிசு. கோழி சிறகடித்துக் கத்திக்கொண்டு ஓட ஓட இதற்கு உற்சாகம் ஏறும், ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அடுத்த முறை இன்னும் வேகமாகப் பாயும். முறைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது என்று இது வரிசையாக நடக்கிற காரியம். துரத்த ஆரம்பித்த பிறகு நீங்கள் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது, அதனால் முறைக்கும்போதே மடக்க வேண்டும். வாயை மூடி, உடம்பை விறைத்து, கண் கோழி மேலேயே நிலைகுத்தி நின்றால் அதுதான் அந்த நேரம். வால் ஆடுகிறதே, பாசம்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

மாலையில் வெயில் தணிந்ததும் நன்றாக நடக்கவிட்டு, லீஷோடு பின்பக்கம் கொண்டுவாருங்கள். கோழி கண்ணில் பட வேண்டும், ஆனால் கையில் நீட்டுகிற தின்பண்டத்தை வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்கு நாய்க்கு நிதானம் இருக்க வேண்டும், அவ்வளவு தூரத்தில் நில்லுங்கள். சாப்பிடவில்லையா, ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியில் "சபாஷ்" சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும், சலிப்பதற்குள் உள்ளே கூட்டிப் போய்விடுங்கள். வேகவைத்த கோழி ஈரல் கொடுத்தால் கோழி ஆசை வந்துவிடாதா என்று பலர் கேட்பதுண்டு. வராது. தட்டில் இருக்கிற ஈரலுக்கும் கூண்டில் கொக்கரிக்கிறதுக்கும் நாய் முடிச்சுப் போடாது, தாராளமாகக் கொடுங்கள், அளவு மட்டும் கொஞ்சமாக இருக்கட்டும்.

தூரத்தை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நீங்கள் "விடு", பிள்ளைகள் "நோ", பணிப்பெண் மலாயில் "ஜாங்கான்" என்றால் அது யார் பேச்சைத்தான் கேட்கும்?

இத்தனைக்குப் பிறகும் நட்பை எதிர்பார்க்காதீர்கள். கோழியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டுப் போனாலே நீங்கள் ஜெயித்த மாதிரி. எட்டு மாதம் என்பது விடலைப் பருவம், நேற்று கேட்டதை இன்று கேட்காது. ஒன்றரை, இரண்டு வயது வரைக்குமாவது தனியாக விட வேண்டாம், அதற்குப் பிறகும் நான் விட மாட்டேன்.

அடுத்தது கூண்டு. சிங்கப்பூரில் தரைவீட்டில் சொந்தத் தேவைக்கு 10 கோழி வரை வளர்க்கலாம், ஆனால் வெளிப் பறவை புக முடியாதபடி அடைத்த இடத்தில்தான் வைக்க வேண்டும், ஆகவே தோட்டத்தில் சேர்த்து மேயவிடுகிற யோசனை இருந்தால் மறந்துவிடுங்கள். அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், பல்லும் நகமும் உள்ள நாய் அதைப் பிய்த்துவிடும். பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை போட்டு, அடியில் ஓர் அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்துவிடுங்கள், தோண்ட முடியாது. வலைக்கண் சின்னதாக இருந்தால் மலைப்பாம்பும் உடும்பும் புகாமல் சேர்த்தே காவல். இரட்டைக் கதவு வைத்தால் போன வாரம் மாதிரி நழுவி ஓடாது. கீழ்ப்பாதியைப் பலகையால் மறையுங்கள், நாய் ஓயாமல் சுற்றினால் கோழி மிரண்டு முட்டை குறைந்துவிடும். எச்சத்தை நாய் தின்னும், அதில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தினமும் அள்ளிவிடுங்கள்.

கேள்வி: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஜாக் ரஸ்ஸல் வளர்க்கிறேன். பாசிர் ரிஸ் பூங்காவில் திரிகிற கோழிகளைக் கண்டால் இழுக்கிறது. கோழிகளுக்கு ரொட்டி போட்டு அருகில் வரவழைத்துப் பழக்கலாமா?

பதில்: ரொட்டியைக் கையிலிருந்து கீழே வையுங்கள், தரையில் அல்ல, பைக்குள்! காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவது இங்கே குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் வரலாம். திரிகிறவற்றில் இங்கேயே பிறந்து வளர்ந்த சிவப்புக் காட்டுக்கோழியும் இருக்கலாம். நரியை வளையிலிருந்து விரட்டுவதற்கென்றே உருவாக்கிய இனம் உங்களுடையது, ஆசை எளிதில் அடங்காது. கோழி தெரிந்த உடனே, நாய் முறைக்கத் தொடங்கும் முன், சட்டென்று வேறு பக்கம் திரும்பி நடந்து தின்பண்டம் கொடுங்கள். பொது இடத்தில் லீஷை அவிழ்க்கவே கூடாது, "ஒரு நிமிஷம்தானே" என்றுகூட.