மாநகராட்சிச் சுவர் ஓவிய வேலை: பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது, எப்போது போய்க் கேட்க வேண்டும்?

கேள்வி: நுண்கலைப் பட்டம் முடித்து ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். மாநகராட்சிச் சுவர்களில் வரையவும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி தரவும் விருப்பம். அரசு டெண்டர் தளத்தில் ‘ஓவியம்’ என்று தேடினால் ஏறக்குறைய ஒன்றும் வருவதில்லை. ஆனால் கோவை, திருப்பூர், சேலம் என்று எங்கே போனாலும் புதுப்புதுச் சுவர் ஓவியங்கள். இந்த வேலையெல்லாம் எப்படி, யாருக்குப் போகிறது?

பதில்: கட்டுமானத் தொகையில் ஒரு சதவீதத்தைக் கலைப் படைப்புக்கு ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் 1959-லேயே கொண்டுவந்தது. அதைப் பின்பற்றும் நகரங்களில் ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்துத் தனி அறிவிப்பே வரும். நம் மாநகராட்சிகளில் கலைக்கென்று அப்படி ஒதுக்கீடு இல்லை. ஆனால் பணம் இருக்கிறது. பூங்கா மேம்பாடு, குளக்கரை மேம்பாடு, பேருந்து நிலையப் புதுப்பிப்பு, திடக்கழிவு விழிப்புணர்வு, பள்ளிக் கட்டடப் பராமரிப்பு என்ற தலைப்புகளுக்குள் ஒரு வரியாக அது உட்கார்ந்திருக்கிறது. கோவை குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் சிலை நிற்கிறதே, அது குளம் மேம்பாட்டுக்குள் வந்த படைப்புதான். டெண்டர் தளத்தில் சிற்பம் என்று தேடினால் அது கிடைக்காது.

மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான ஸ்மார்ட் சிட்டி ஓடிய காலத்தில் இந்த வேலைகள் பெரிய தொகைகளில் வந்தன. கோவை 2016-இல் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. பிறகு சேலம், திருப்பூர், ஈரோடு சேர்ந்தன. 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்துவிட்டது. இனி பெரும்பாலும் மாநகராட்சியின் பொது நிதியிலிருந்தும், மாநில அரசுத் திட்டங்களிலிருந்தும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் சிறு சிறு வேலைகளாக வரும். தனி ஓவியருக்கு இது நல்லதே. எட்டுக் கோடி ரூபாய் வேலையில் நுழைய முடியாதவருக்கு எண்பதாயிரம் ரூபாய் வேலையில் இடம் உண்டு.

மதிப்பீட்டுக்கு முன்னால் போங்கள்

ஒரு பூங்கா வேலை நடக்கும் வழி இது: வார்டைக் கவனிக்கும் உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார், அனுமதி வாங்குவார்கள், டெண்டர் விடுவார்கள், ஒப்பந்ததாரர் எடுப்பார். மதிப்பீட்டில் ‘சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசுதல், இத்தனை சதுர அடி’ என்று மட்டும் இருந்தால், படம் வரைந்தாலும் வெறும் பெயின்ட் அடித்தாலும் ஒரே கூலிதான். ஒப்பந்ததாரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வரும் தொகையே அவ்வளவுதான். ‘கருப்பொருள் ஓவியம், முதற்பூச்சு உட்பட’ என்று தனி வரி ஏறிவிட்டால் உங்கள் உழைப்புக்குத் தனி விலை கிடைக்கும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் உதவிப் பொறியாளர். பார்க்க வேண்டிய நேரம் மதிப்பீடு எழுதப்படுவதற்கு முன். மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் மார்ச்சை ஒட்டி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரில் எப்படியும் வரைய முடியாது. அந்த மாதங்களைப் பொறியாளர் அலுவலகத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் போய்வர வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து ஒரே தாளில் கொடுங்கள்: இன்றைய நிலையில் சுவரின் படம், நீள உயர அளவு, அதே விகிதத்தில் உங்கள் வரைவு, பொருள் அளவுக் கணக்கு, எத்தனை நாள், எத்தனை ஆள், எத்தனை வருடம் தாங்கும். பொறியாளர் அதை அப்படியே மதிப்பீட்டில் ஏற்றும்படி இருக்க வேண்டும். “அதெல்லாம் கான்ட்ராக்டர் பாத்துக்குவாருங்க” என்று சொல்லி அனுப்புகிறவர்கூட, அளவு போட்ட தாளைக் கோப்பில் வைத்துக்கொள்வார்.

இன்னொரு கதவு நகர்நல அலுவலர் பக்கம். குப்பை கொட்டும் முனைகளைச் சுத்தம் செய்து படம் வரைவது தூய்மை இந்தியா விழிப்புணர்வுச் செலவில் வரும். தேசிய அளவிலான தூய்மைக் கணக்கெடுப்புக்கு முன்னால் இந்த வேலைகள் அவசர அவசரமாக நடக்கும். தொகை சிறியது, பல நேரம் டெண்டர் இல்லாமல் விலைப்புள்ளி வாங்கியே கொடுப்பார்கள். முதல் வேலை உத்தரவைக் கையில் வாங்க இது நல்ல வழி. அடுத்த இடத்தில் அனுபவச் சான்றாக அந்தத் தாள்தான் பேசும்.

பழைய வேலைகளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாமல் விலை சொல்லாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் சுவர் ஓவியத்துக்குச் செலவிட்ட தொகை, நிதித் தலைப்பு, சதுர அடி விலை, மதிப்பீட்டின் நகல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன்’ என்று கேள்வி கேட்காமல் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். அப்போதுதான் உருப்படியான பதில் வரும்.

சுவர் யாருடையது?

இதில்தான் பலர் சிக்குகிறார்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதெல்லாம் மாநகராட்சிச் சுவர் அல்ல. கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தைக் கட்டியது மாநில நெடுஞ்சாலைத் துறை. அதன் தூண்களுக்கு அனுமதி அங்கே வாங்க வேண்டும். ரயில்வே சுவர் என்றால் சேலம் கோட்டம். குளக்கரையில் நீர்வளத் துறைக்கும் பங்கிருக்கலாம். கவுன்சிலர் வாய்மொழியாகச் சொன்னார் என்று தூரிகையை எடுக்காதீர்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதிக் கடிதம் இல்லாவிட்டால் நல்ல படத்துக்கும் அதே பிரிவுதான். கடிதத்தின் நகலை வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருங்கள்.

சுவரைப் படித்துவிட்டு விலை சொல்லுங்கள்

ஓவியம் கெடுவது பெரும்பாலும் ஓவியத்தால் அல்ல, அடியில் இருக்கும் சுவரால். புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சு 28 நாளாவது ஆற வேண்டும். திறப்பு விழாத் தேதியைச் சொல்லிப் பத்தாம் நாளே வரையச் சொன்னால், உப்புப் பூத்து ஒரு மழைக்குள் பெயின்ட் பொரிந்து வரும் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய சுவரில் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் தேர்தல் விளம்பரம் இரண்டு மூன்று அடுக்கு ஏறியிருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டாமல் மேலே அடித்தால், அடியிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து எல்லாம் தாளாக உரியும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஓசை வருகிற இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது, கொத்தி மறுபடி பூச வேண்டும். ஈரம் தெரிய, ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை. குளத்தை ஒட்டிய சுவர்களில் இந்தச் சோதனை இல்லாமல் விலையே சொல்லாதீர்கள்.

அளவுக் கணக்கு ஒன்று. 100 அடி நீளம், 8 அடி உயரம், 800 சதுர அடி. வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை அடிக்க லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி, எட்டு லிட்டர். அதன்மேல் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கை, லிட்டருக்கு 50 முதல் 55 சதுர அடி. பதினைந்து, பதினாறு லிட்டர். சொரசொரப்பான சுவராக இருந்தால் நான்கில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். படத்துக்கான வண்ணம் இதற்கு வெளியே. செலவு குறைக்கிறேன் என்று உள்சுவர் டிஸ்டெம்பரை வாங்கிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வெயிலில் மாவாகக் கையில் ஒட்டும். மேற்கு பார்த்த சுவருக்குப் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளைக் குறைத்து, காவி, செங்காவி போன்ற இரும்பு ஆக்சைடு வண்ணங்களை எடுங்கள். அவை வெளுப்பது குறைவு.

தரையிலிருந்து முதல் இரண்டடியில் முகமோ எழுத்தோ வைக்காதீர்கள். மண்ணீரம் ஏறுவது அங்கே. பஸ் சக்கரம் தெறிக்கும் சேறும் வெற்றிலை எச்சிலும் அங்கே. அடர்ந்த ஒரே நிறப் பட்டையாக விட்டு, அந்த வண்ண எண்ணை வேலை முடிந்ததும் பராமரிப்பவரிடம் எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பட்டையை மட்டும் அடித்தாலே படம் புதிதாகத் தெரியும்.

தாளும் பணமும்

பான், வங்கிக் கணக்கு, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) மூன்றையும் முதலில் தயார் செய்யுங்கள். உத்யம் பதிவு இலவசம்; தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம். நேரடியாக டெண்டர் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வாங்குங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே என்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கணக்குப் பிரிவில் கேட்டால் அதை எழுதிக் கொடுங்கள். பில்லில் ஒப்பந்த வேலை என்று போட்டால் தனிநபருக்கு 1 சதவீதமும், தொழில்முறைச் சேவை என்று போட்டால் 10 சதவீதமும் வருமான வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். தாக்கல் செய்யாமல் அதை விட்டுவிடுகிற ஓவியர்கள் நிறையப் பேர்.

வேலை உத்தரவில் ‘அளவீடு’ வரியைக் கவனியுங்கள். எம்-புக் எனப்படும் அளவீட்டுப் புத்தகத்தில் பொறியாளர் ஏற்றும் அளவுக்குத்தான் பணம். உருவம் வரைந்த பகுதி மட்டுமா, பின்னணி உட்பட முழுச் சுவருமா, ஜன்னல் கழிக்கப்படுமா, பத்தடிக்கு மேல் சாரம் யார் செலவு என்பதை முன்பே எழுதிவிடுங்கள். சுரண்டிய பின், பிரைமருக்குப் பின், முடிந்த பின் என்று டேப் தெரியும்படி மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரைமர் அடித்தீர்களா என்ற கேள்வி பில் போடும்போதுதான் வரும்.

ஒப்பந்ததாரரிடம் உள்வேலையாக எடுத்தால், அவருக்கு மாநகராட்சிப் பணம் வந்த பிறகுதான் உங்களுக்கு என்ற பேச்சுக்கு இசையாதீர்கள். சாரம் ஏறும் முன் 40, பாதி வேலையில் 40, ஒப்படைக்கும்போது 20 சதவீதம் என்று முத்திரைத்தாளில் எழுதுங்கள். பொருளை அவரே வாங்கித் தரட்டும், உங்கள் முதல் முடங்காது. ஆனால் பெயின்டின் தரம் எழுத்தில் இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு நெருங்கினால், உத்தரவு வாங்கி வேலையைத் தொடங்கிவிடுங்கள். நடத்தை விதி வந்தபின், தொடங்காத வேலை அப்படியே நிற்கும்.

உரிமை பற்றி ஒரு வரி கட்டாயம் சேருங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அந்தப் படத்தை அவர்கள் காலண்டரில் போட்டால் நீங்கள் கேட்க முடியாது. ஆனால் படைத்தவர் என்ற பெயரும், படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் உங்களோடு இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்து அகற்றப்பட்ட தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், 2005-இல் உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுத்தது. உங்கள் கையொப்பத்துக்கு எத்தனை அங்குல இடம் என்பதையும் உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி வேலை

நிரந்தர ஓவிய ஆசிரியர் பணிக்குத் தொழில்நுட்பத் தேர்வும் ஆசிரியர் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். ஆனால் பட்டறைக்கு அந்தத் தடை இல்லை. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் தீர்மானம் போட்டால் வழி திறக்கும். கல்வித் துறையின் கலைத் திருவிழாப் போட்டிகள் 2022 முதல் நடக்கின்றன. பள்ளி அளவிலான போட்டிக்கு முந்தைய வாரங்களில் பயிற்சி தர ஆள் தேடாத பள்ளி குறைவு. எட்டு வாரம், வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம், 40 பிள்ளைகளுக்கு இரண்டு பயிற்றுநர் என்று திட்டம் எழுதுங்கள். ஒரே ஆள் 40 பிள்ளைகளை வைத்து வண்ண வேலை செய்தால் நேரமெல்லாம் தண்ணீர் மாற்றவே போகும். உங்கள் ஊதியத்தையும் பொருள் செலவையும் ஒரே தொகையாக்காமல் தனித்தனியாகக் காட்டுங்கள். சேர்த்துப் போட்டால் பேரத்தில் முதலில் குறைவது உங்கள் ஊதியம்தான்.

பள்ளியிடம் பணம் இல்லை என்றால், மாநில அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகக் கம்பெனி நிதி கேட்கலாம். சமூகப் பொறுப்பு நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வியும் உண்டு, கலை பண்பாடும் உண்டு. தனிநபராகிய உங்களிடம் அந்த நிதியைத் திட்டம் நடத்தும் அமைப்பாக ஒப்படைக்க மாட்டார்கள். அதற்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை வேண்டும். அப்படி ஒரு அறக்கட்டளையிடம் பயிற்றுநராகச் சேருங்கள், அல்லது கம்பெனிக்கே நேரடியாகச் சேவை பில் போடுங்கள். பெருந்துறை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளையும் பின்னலாடை நிறுவனங்களையும் நிதியாண்டு முடியும் நேரத்தில் அணுகுவது வீண். அதற்கு முன்பே அவர்கள் பட்டியல் முடிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கேளுங்கள்.

கலை பண்பாட்டுத் துறையின் கோவை மண்டல மையம் மலுமிச்சம்பட்டியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கலைப் பயிற்சி தரும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் இடம் காலியாகிறதா என்று அங்கே விசாரியுங்கள். மாவட்டக் கலை மன்ற விருதுக்கு விண்ணப்பிக்கும் வழியும் அங்கேயே தெரியும். தொகை பெரிதல்ல என்றாலும், அரசு கொடுத்த சான்று அலுவலகத்தில் வேலை செய்யும். வயது 25 முதல் 40-க்குள் என்றால் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை ஃபெலோஷிப் என்ற உதவித்தொகைக்கும் போடுங்கள்: மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டு. அதற்கு ஆய்வுத் திட்டம் கேட்பார்கள். ‘சுவர் ஓவியம்’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகளைப் பொதுச் சுவர் வடிவமைப்பில் எப்படிக் கையாள்வது என்பதுபோல, உங்கள் மண்ணில் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை எழுதுங்கள்.