சாவு எந்த ஊர்க் கணக்கில்?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறிய ‘அர்பன் டிஸ்ட்ரிக்ட்’டின் (நகர உள்ளாட்சிப் பகுதியின்) 1908ஆம் ஆண்டு சுகாதார அறிக்கையைப் படித்தேன். ஆயிரத்துக்கு 15 சாவு என்று ஓரிடத்திலும் 13.4 என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: 13.4ஐ. ஆனால் அது எப்படி வந்தது என்று பார்த்துவிட்டு எடுங்கள். 10,000 பேர் உள்ள ஊரில் 150 சாவு பதிவானால் விகிதம் 15. அந்த 150இல் 25 பேர், எல்லைக்குள் இருந்த ஏழைகள் விடுதி மருத்துவமனையில் இறந்த வெளியூர்க்காரர்கள் என்று வையுங்கள். அவர்களைக் கழிக்க வேண்டும். உள்ளூர்க்காரர் 9 பேர் வெளியூர் மனநோய் விடுதியிலோ பெரிய ஆஸ்பத்திரியிலோ இறந்திருந்தால் கூட்ட வேண்டும். மீதி 134. கோளாறு பெரும்பாலும் இந்தக் கூட்டலில்தான். கழிக்க வேண்டியவை கண்ணெதிரே இருந்தன; கூட்ட வேண்டியவற்றுக்குப் பக்கத்து ஊர்ப் பதிவாளரிடமிருந்து தகவல் வந்தாக வேண்டும். கழித்துவிட்டுக் கூட்ட மறந்த ஊர், தாளில் மட்டும் ஆரோக்கியமாகிவிடும். 1911 முதல் தலைமைப் பதிவாளர் அலுவலகமே இந்த இடமாற்றத்தைச் செய்து கொடுத்தது.

மக்கள்தொகையும் ஏமாற்றும். கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரு முறைதான். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முந்தைய பத்தாண்டின் வளர்ச்சி வேகமே தொடர்வதாக வைத்து மதிப்பிட்டார்கள். 1891இல் 6,000, 1901இல் 9,000 என்றால் 1911க்கு 13,500 வரும். எண்ணிப் பார்க்கையில் 11,000தான் இருந்தால்? 154 சாவுக்கு 11.4 என்று காட்டிய விகிதம் உண்மையில் 14. ஆகவே 1908, 1909 அறிக்கைகளின் விகிதங்களை அப்படியே எடுக்காமல், சாவு எண்ணிக்கையை மட்டும் எடுத்து, 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு இடையே நீங்களே மக்கள்தொகையைக் கணித்து வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்கார்லட் காய்ச்சலுக்கு நோயாளி எண்ணிக்கை இருக்கிறது, தட்டம்மைக்கு இறந்தவர் எண்ணிக்கை மட்டும். விடுபட்டுப்போனதா?

பதில்: இல்லை, சட்டம் கேட்கவில்லை. 1889ஆம் ஆண்டுத் தொற்றுநோய் அறிவிப்புச் சட்டத்தின் பட்டியலில் பெரியம்மை, டிப்தீரியா, ஸ்கார்லட் காய்ச்சல், டைபாய்டு, பிரசவக் காய்ச்சல் போன்றவை உண்டு. தட்டம்மையும் கக்குவானும் கிடையாது. லண்டனுக்கு வெளியே அந்தந்த ஊர் விரும்பினால் ஏற்கலாம் என்றிருந்ததை 1899இல் நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். தன்னிடம் தனிப்பட்ட முறையில் சிகிச்சை பெறும் நோயாளி ஒருவரைப் பற்றி அறிவித்தால் மருத்துவருக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அறிவிக்காவிட்டால் 40 ஷில்லிங் வரை அபராதம். தடிப்பு தெரியும் முன்பே தட்டம்மை பரவிவிடும். பல வீடுகளில் மருத்துவரையே கூப்பிடுவதில்லை. அதனால் தட்டம்மையைத் தேட நல்ல இடம் பள்ளி வருகைப் பதிவும் பள்ளி மூடிய தேதிகளும்தான்.

அறிவிப்பு வந்ததும் சுகாதார ஆய்வாளர் நோயாளியின் வீட்டுக்குப் போய் வயது, பள்ளி, குடிநீர், சாக்கடை இவற்றோடு பால்காரர் யார் என்றும் கேட்டு எழுதுவார். டைபாய்டு வந்த பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு ஒரே பால்காரர் என்றால் அடுத்து அவருடைய தொழுவத்தையும் கிணற்றையும் பார்ப்பார்கள். இந்த அறிக்கைகளில் எனக்குப் பிடித்த பத்தி அதுதான்.

கேள்வி: 1911ஐவிட 1912இல் சிசு மரணம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. தாய்–சேய் நலப் பணியின் பலனா?

பதில்: ஓரளவு இருக்கலாம், ஆனால் முதலில் வானிலையைப் பாருங்கள். இங்கிலாந்து–வேல்ஸ் முழுக்கவே ஆயிரம் பிறப்புக்கு 130இலிருந்து 95ஆக இறங்கியது. 1911 கோடை கொளுத்தியது. குழந்தை வயிற்றுப்போக்கு வாரிக்கொண்டு போனது. நாலடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் 56 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிறகே அந்தச் சாவுகள் ஏறும் என்று ஆங்கிலேய மருத்துவர் பல்லார்ட் முன்பே கவனித்திருந்தார். சில அறிக்கைகளில் மண் வெப்பமானியின் அளவும் இருப்பது அதனால்தான்.

சிறிய ஊரானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: 250 பிறப்பில் 30 சாவு என்றால் விகிதம் ஆயிரத்துக்கு 120, 24 சாவு என்றால் 96. வித்தியாசம் ஆறே குழந்தைகள். ஐந்தாண்டுச் சராசரி போடுங்கள். 1911க்கு முந்தைய அட்டவணைகளில் ‘வயிற்றுப்போக்கு’ ஒரு வரி, ‘குடல் அழற்சி’ வேறு வரி. பிறகு இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டும் ஒரே தலைப்பு. பழைய ஆண்டுகளில் இரண்டு வரியையும், அதே வயதுக்குள் மட்டும், கூட்டிய பிறகே ஒப்பிடலாம்.